அணிசேராமை ஆய்வு

அணிசேராமை ஆய்வு என்பது பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க, சோவியத் அணிகள் இரண்டிலும் சேராதிருந்த நாடுகளின் கொள்கையை அரசறிவியல், வரலாறு, கலை ஆகிய துறைகளின் வழியே ஆராய்வதாகும். அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு 1961 இல் பெல்கிரேடிலும், ஐந்தாவது மாநாடு 1976 இல் கொழும்பிலும் நடைபெற்றன.

முதன்மை வினா

அணிசேராமை நடுநிலைமையிலிருந்து வேறுபட்டது. நடுநிலை நாடு போரில் ஒதுங்கி நிற்கும். அணிசேரா நாடு ஒவ்வொரு சிக்கலிலும் தன் நிலைப்பாட்டைத் தானே முடிவு செய்யும். இரு தரப்பிடமும் உதவி பெறுவதை இக்கொள்கை விலக்கவில்லை. அவ்வாறு உதவி பெறும் நாடு சுதந்திரமாக முடிவெடுக்க இயலுமா என்பது ஆய்வாளர்களிடையே விவாதத்துக்குரியது.

தமிழ்நாட்டுச் சான்றுகள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959 இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பட்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியுடன் அமைந்தது. திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளத்தில் அணுமின் நிலையம் அமைக்கும் உடன்பாடு 1988 இல் சோவியத் ஒன்றியத்துடன் கையெழுத்தானது. 1991 இல் அவ்வொன்றியம் கலைந்ததால் பணி தடைப்பட்டது. 1998 இல் உருசியாவுடன் துணை உடன்பாடு செய்யப்பட்டது.

கலையில்

நயீம் முகைமன் 2017 இல் வெளியிட்ட, "இரு கூட்டங்களும் ஓர் இறுதிச் சடங்கும்" எனப் பொருள்படும் திரைப்படம், 1973 அல்ஜியர்ஸ் மாநாட்டின் பழைய படச்சுருள்களைக் கொண்டு மூன்றாம் உலக ஒற்றுமை தளர்ந்த விதத்தை ஆராய்கிறது.