ஆசிரியர் பெயரில் ஓர் உதவித்தொகை

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் (1888–1975)

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவர். கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937இல். அவர் படித்த காலத்தில் அது ஜார்ஜ் டவுனில் இருந்தது.

உதவித்தொகை பெற்றுத்தான் அவர் படித்தார். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களைக் கொடுக்க, புதுப் புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவர் அந்தப் பாடத்தையே எடுத்துக்கொண்டார். ஒரு பெரும் தத்துவ அறிஞர் உருவானதில் அந்தப் பழைய புத்தகங்களுக்கும் பங்குண்டு.

1921இல் மைசூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் அவரைப் பூக்களால் அலங்கரித்த வண்டியில் அமர்த்தி, குதிரைகள் இன்றித் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராகவே உயர்ந்தவருக்கும் இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க முடியாது.

1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்தார். அப்பல்கலைக்கழகம் 1989இல் அவர் நினைவாக ராதாகிருஷ்ணன் உதவித்தொகையை நிறுவியது. பின்னர் அதனுடன் பிரிட்டன் அரசின் உதவித்தொகைத் திட்டமான செவனிங்கின் பெயரும் சேர்ந்தது.

அவர் பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962 முதல் இந்தியாவில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.