உரை வேண்டாத நூல்

நூலொன்றன் பொருளில் ஐயம் நேர்ந்தால் உரையாசிரியரை நாடுகின்றோம். ஒருவர் ஒன்று கூற, மற்றொருவர் அதனை மறுப்பார். நூலாசிரியரை எழுப்பிக் கேட்டல் இயலாது. இவ்வேறுபாடு இலக்கியத்துக்கு வளம் சேர்ப்பது. ஒருவகை எழுத்தில் மட்டும் அது குடும்பத்தையே குலைத்துவிடும். அவ்வெழுத்து மரணசாதனம், தமிழகத்தார் அதனை உயில் என்பர்.

கற்பிட்டிக் கரையில் எனது சம்பளத்தில் வாங்கிய வீடொன்று எனக்குண்டு. மனைவி மக்களோடு அங்கு வாழ்பவர் மணம்புரியாத என் தமக்கையார். தந்தையார் மறைந்தபின் கிடுகு பின்னி விற்று என்னைக் கற்பித்தவர் அவரே. “உங்கள் காலம் முழுதும் இவ்வீடு உங்களுடையது, அக்கா” என்று பன்முறை கூறியுள்ளேன். ஆயின், வாய்ச்சொல் என்னோடு போய்விடுமே என்னும் கவலை ஐம்பது கடந்தபின் என்னைப் பற்றியது.

பல்லாண்டுகள் இலக்கணம் கற்பித்தவனுக்குச் சாதனம் எழுதப் பிறர் துணை எதற்கு என்று எண்ணினேன். ஓரிரவில் எழுதி முடித்தேன். “எனது முதுசமும் தேடியதேட்டமும் மனைவி மக்கள் பெறுக, என் தமக்கையார் இவ்வீட்டில் வாழ்க” என்பது அதன் சாரம். ஆசிரியர் இருவர் சாட்சிக் கையொப்பமிட்டனர். நண்பரொருவர் விடாது வற்புறுத்தவே, அதனைப் புத்தளத்தில் ஒரு நொத்தாரிசிடம் கொண்டு சென்றேன். 1676இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்த ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் நொத்தாரிசு என்பதும் ஒன்று.

அவர் என் மாணவியர் வயதினர். பொறுமையாகப் படித்துவிட்டுப் பேசலானார்.

“ஐயா, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பமிட்டால் இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையேல் ஐவர் வேண்டும். இது செல்லாது.”

அடுத்துச் சொற்களுக்கு வந்தார். முதுசம், தேடியதேட்டம் என்பன ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைக்குரியன. அது வட மாகாணத் தமிழர்க்குரிய சட்டம். நம் பகுதித் தமிழர்க்குப் பொதுச் சட்டமே உரியது. முஸ்லிம் மக்களுக்கோ 1931இன் வாரிசுச் சட்டம் தனியாக உண்டு. மரணசாதனமின்றி யான் இறப்பின், பொதுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. தமக்கையாருக்கு ஒன்றுமில்லை.

வீட்டையடுத்த தென்னங்காணி அரசின் அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குட்பட்ட அத்தகைய காணியை மரணசாதனம் ஆளாது. பின்னுரிமையாளரை நியமித்துப் பதிவு செய்தலே வழி என்றார்.

இறுதியாக ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். “‘வாழ்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் வேண்டுகோளா, கட்டளையா? நாளை பிள்ளைகள் வீட்டை விற்க நினைத்தால், அம்மாவுக்கு இச்சொல் என்ன உரிமை தரும்?”

யான் வாயடைத்தேன். வியங்கோள் வாழ்த்தலிலும் வரும், வேண்டலிலும் வரும், விதித்தலிலும் வரும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன் யான். அவ்வியங்கோளையே நம்பித் தமக்கையாரைத் தெருவில் நிறுத்தப் பார்த்தேனே!

எழுதி வைத்ததனாலேயே எண்ணம் நிறைவேறிவிடாது என்பதற்குச் சென்னைப் பச்சையப்ப முதலியாரின் வரலாறும் சான்று. 1794இல் அவர் தம் செல்வத்தை அறத்துக்கென எழுதி மறைந்தார். அப்பொருள் வழக்குகளிற் சிக்கியது. அவர் பெயராற் பள்ளி தோன்றியது 1842இல். இடையே கழிந்தவை நாற்பத்தெட்டு ஆண்டுகள்.

நிற்க. அந்நொத்தாரிசு புதிதாய் எழுதித் தந்தார். வீடு மனைவி மக்களுக்கு. ஆயின் அதில் தமக்கையாருக்குச் சீவிய உருத்து உண்டு. அவர் காலத்தில் எவரும் அவரை வெளியேற்றல் ஆகாது. காணியின் எல்லைகளும், உறுதி இலக்கமும், நிறைவேற்றுநர் பெயரும் தெளிவாய் இடம்பெற்றன. பங்கு பெறாத இருவர் சாட்சியாயினர். அணியில்லை, எதுகையில்லை, ஐயமும் இல்லை.

அன்று மாலை அதனைத் தமக்கையாருக்குப் படித்துக் காட்டினேன். பள்ளியை மூன்றாம் வகுப்போடு விட்டவர் அவர். கேட்டிருந்துவிட்டு, “ஒருமுறை வாசிக்கவே விளங்குதே, தம்பி” என்றார்.

என் எழுத்தெதற்கும் அத்தகைய பாராட்டை அவரிடம் யான் பெற்றதில்லை. அவ்வெழுத்தோ என்னுடையதன்று.