நிறுவன மாற்ற மேலாண்மை

நிறுவன மாற்ற மேலாண்மை என்பது ஒரு தொழிற்சாலை, அலுவலகம், பள்ளி, மருத்துவமனை அல்லது கூட்டுறவுச் சங்கம் தன் வேலை முறையை மாற்றிக்கொள்ளும்போது, அம்மாற்றத்தைத் திட்டமிட்டு நிறைவேற்றிச் செயல்திறனை உயர்த்துவதற்கான வழிகளை ஆராயும் துறையாகும். புதிய இயந்திரம் வாங்குவதும் புதிய விதிகளை அச்சிட்டு வழங்குவதும் எளிது. நேற்றுவரை ஒரு விதமாக வேலை செய்தவர் நாளை முதல் வேறு விதமாக வேலை செய்ய வேண்டும் என்பதுதான் கடினமான பகுதி. இத்துறையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

மாற்றம் தோல்வியடைந்தால் "ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை" என்று கூறுவது வழக்கம. ஆனால் கடந்த எண்பது ஆண்டுகளில் நடந்த முக்கிய ஆய்வுகள் பலவும் வேறொன்றைக் காட்டுகின்றன. அதே ஊழியர்கள், வேலை முறையும் மாற்றத்தைக் கொண்டுவந்த விதமும் வேறாக இருந்தபோது, வேறு விதமாக நடந்துகொண்டார்கள். அந்த ஆய்வுகள் கீழே விளக்கப்படுகின்றன.

தோற்றம்

இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுபவர் உளவியலாளர் கர்ட் லெவின் (1890–1947). ஜெர்மனியில் பணியாற்றிவந்த இவர் 1933இல் அமெரிக்காவில் குடியேறினார். எந்தப் பழக்கமும் இரு வகை விசைகளுக்கு இடையிலான சமநிலை என்பது இவரது அடிப்படைக் கருத்து. ஒரு வகை விசை மாற்றத்தை நோக்கித் தள்ளுகிறது, மற்றொன்று தடுக்கிறது. தள்ளும் விசையை மட்டும் கூட்டினால் பதற்றம் கூடும். தடுக்கும் விசையைக் குறைத்தால் மாற்றம் எளிதாகும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு ஏற்பட்டது. அங்கே பலர் விரும்பி உண்ணாத மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற பகுதிகளை இல்லத்தரசிகள் சமைக்கும்படி செய்வது எப்படி என்று லெவின் ஆராய்ந்தார். சில குழுக்களுக்குச் சத்துகளைப் பற்றி நல்ல சொற்பொழிவு ஆற்றப்பட்டது. வேறு சில குழுக்கள் தாங்களே கலந்து பேசி முடிவெடுக்க விடப்பட்டன. பின்னர் விசாரித்ததில், சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினரும், கலந்து பேசி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினரும் அவற்றுள் ஒன்றைச் சமைத்திருந்தனர்.

"உறைநிலையைத் தளர்த்துதல், மாற்றுதல், மீண்டும் உறையச் செய்தல்" என்ற மூன்று படிகள் லெவின் பெயரால் எல்லாப் பாடநூல்களிலும் உள்ளன. அவர் இதைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதினார். இன்று காணப்படும் விரிவான வடிவம் பெரும்பாலும் அவர் மறைவுக்குப் பின் பிறர் சேர்த்தது.

ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலை ஆய்வு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் நிறுவனத்தின் பைஜாமா தைக்கும் தொழிற்சாலை இருந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான ஆல்பிரட் மாரோ உளவியல் பயின்றவர். அவர் 1939இல் லெவினை ஆலோசனைக்கு அழைத்தார். அங்கே லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்சு ஆகியோர் நடத்தி 1948இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடித்தளமாக விளங்குகிறது.

அங்கு உருப்படி எண்ணிக்கைப்படி 'பீஸ் ரேட்' கூலி வழங்கப்பட்டது. மணிக்கு 60 அலகு என்பது நிர்ணயிக்கப்பட்ட அளவு. ஆடையின் பாணி மாறும்போது ஊழியர்களை வேறு வேலைக்கு மாற்ற வேண்டியிருந்தது. புதிய வேலையைக் கற்கும் காலத்தில் வருமானம் குறையாமலிருக்க நிறுவனம் தனித் தொகையும் வழங்கியது. இருந்தும், அப்படி மாற்றப்பட்டவர்களில் 38 விழுக்காட்டினர் மட்டுமே 60 அலகை மீண்டும் எட்டினர். மற்றவர்கள் எட்டாமலே இருந்தனர், அல்லது வேலையை விட்டுப் போனார்கள். பணத்தால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று இருப்பது இதிலிருந்து தெரிந்தது.

ஆய்வாளர்கள் சிறிய மாற்றங்களை மூன்று விதமாக அறிமுகப்படுத்தினர்.

முதல் வகை: இஸ்திரி போடும் 18 பேர் கொண்ட குழு. கூட்டம் கூட்டி, போட்டி காரணமாக இந்த மாற்றம் தேவைப்படுகிறது என்று விளக்கி, புதிய கூலிக் கணக்கும் அறிவிக்கப்பட்டது. கேள்விகளுக்கு விடை அளிக்கப்பட்டது. அத்துடன் கூட்டம் முடிந்தது.

இரண்டாம் வகை: ஆடை மடிக்கும் 13 பேர். ஏன் செலவைக் குறைக்க வேண்டும் என்று பொருள்களைக் கையில் காட்டி விளக்கினர். குழுவின் பிரதிநிதிகள் சிலர் புதிய முறையை வகுப்பதிலும் கூலி அளவை நிர்ணயிப்பதிலும் பங்கேற்றுப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தனர்.

மூன்றாம் வகை: ஆடைகளைச் சரிபார்க்கும் 8 பேரும் 7 பேரும் கொண்ட இரு சிறு குழுக்கள். இவற்றில் பிரதிநிதிகள் இல்லை. எல்லோருமே புதிய முறையை வகுப்பதில் பங்கேற்றனர்.

முதல் குழுவின் உற்பத்தி விழுந்து, உயரவே இல்லை. மேற்பார்வையாளருடன் மோதல்கள் நடந்தன. முதல் 40 நாள்களில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டுப் போனார்கள். இரண்டாம் வகைக் குழு 14 நாள்களில் 61 அலகை எட்டியது. மூன்றாம் வகைக் குழுக்கள் விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பியதோடு, அதைவிடச் சுமார் 14 விழுக்காடு மேலே சென்றன. இவ்விரு வகைகளிலும் அந்த 40 நாள்களில் ஒருவரும் விலகவில்லை.

முதல் குழுவில் இருந்தவர்களே சோம்பேறிகளாகவோ பிடிவாதக்காரர்களாகவோ இருந்திருக்கலாம் அல்லவா என்ற ஐயம் இங்கே எழும். ஆய்வாளர்களுக்கும் அது எழுந்தது. இரண்டரை மாதம் கழித்து, அக்குழுவில் எஞ்சிய 13 பேரை மீண்டும் ஒன்றுசேர்த்து வேறொரு வேலைக்கு மாற்றினர். இம்முறை எல்லோரும் பங்கேற்று முறையை வகுத்தனர். அவர்களும் விரைவாகக் கற்று முன்பைவிட உயர்ந்த அளவை எட்டினர். எதிர்ப்பு அம்மனிதர்களின் குணத்திலிருந்து வரவில்லை, அவர்களுக்கு மாற்றம் வந்து சேர்ந்த வழியிலிருந்து வந்தது என்பதை இது காட்டியது.

அகமதாபாத் நெசவாலை ஆய்வு

இலண்டனில் உள்ள டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எரிக் டிரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்போர்த்தும் 1951இல் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். இயந்திரங்கள் வந்தபின், சிறு குழுவாக முழு வேலையையும் செய்துவந்தவர்கள் ஒரே ஒரு பணிக்கு ஒதுக்கப்பட்டு ஷிப்ட் ஷிப்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு ஷிப்டில் ஏற்பட்ட குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது. இயந்திரமும் மனித உறவும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டமிடப்பட வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இக்கருத்தை இந்தியாவில் செயல்படுத்திப் பார்த்தவர் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ். 1953இல் அவர் அகமதாபாத்தின் காலிகோ ஆலைக்கு வந்தார். அங்கே தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 224 தறிகளை 29 பேர் கவனித்தனர். அந்த 29 பேர் 12 வகை வேலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். நெசவாளர் ஒரு எண்ணிக்கைத் தறிகளையும், நூல் நிரப்புபவர் வேறு எண்ணிக்கைத் தறிகளையும், அறுந்த இழைகளைச் சீர்செய்பவர் இன்னொரு எண்ணிக்கைத் தறிகளையும் பார்த்தனர். தன் தறி நின்றால் யாரைக் கூப்பிடுவது, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது நெசவாளருக்கே உறுதியில்லை.

குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பேற்கலாம் என்று ரைஸ் யோசனை கூறினார். அதை அவர் விரித்துத் திட்டமாக்குவதற்குள் தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் ஏற்றுக்கொண்டு, தாங்களே குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத் தடுமாற்றங்களுக்குப் பிறகு உற்பத்தி உயர்ந்தது. பழுதான துணியின் அளவு குறைந்தது. தறிகளும் அவையே, தொழிலாளர்களும் அவர்களே. ரைஸ் இதைப் பற்றி 1958இல் ஒரு நூல் வெளியிட்டார்.

பிரீமாண்ட் கார் தொழிற்சாலை

கலிபோர்னியாவின் பிரீமாண்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, தரக்குறைவுக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. நாள்தோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. 1982இல் ஆலை மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக 1984இல் அதை 'நும்மி' என்ற பெயரில் மீண்டும் திறந்தன. நிர்வாகத்தை டொயோட்டா ஏற்றது. அமர்த்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையின் தொழிலாளர்களே. தொழிற்சங்கமும் அதுவே.

மாறியவை வேறு. முன்பு எண்பதுக்கும் மேலாக இருந்த வேலைப் பிரிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவாகக் குறைக்கப்பட்டன. தொழிலாளர்கள் சிறு குழுக்களாக அமைந்தனர். குறை கண்ட எவரும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். குறை தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். குழுத் தலைவர்கள் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். கடும் நெருக்கடி வந்தாலொழிய ஆள்குறைப்பு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. 1988 வாக்கில் விற்பனை சரிந்தபோது அது சோதனைக்கு வந்தது. நிர்வாகம் யாரையும் வீட்டுக்கு அனுப்பாமல், உபரியாக இருந்தவர்களுக்குப் பயிற்சியும் சீரமைப்பு வேலையும் கொடுத்தது. வேலைக்கு வராதோர் அளவு 3 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு நிகராக உயர்ந்தது.

ஆனால் இதே முறையைத் தன் பிற ஆலைகளில் விரைவாகப் பரப்ப ஜெனரல் மோட்டார்ஸால் இயலவில்லை. கலிபோர்னியாவிலேயே வான் நைஸ் ஆலையில் செய்த முயற்சி பலிக்கவில்லை. அது 1992இல் மூடப்பட்டது. கயிற்றைக் கட்டித் தொங்கவிடுவது எளிது. அதை இழுப்பவரைத் திட்டாத மேற்பார்வையாளரும், வேலை போகாது என்ற நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்து வர வேண்டும். நும்மி ஆலை 2010 வரை இயங்கியது. பின்னர் அக்கட்டடம் டெஸ்லா நிறுவனத்தின் கைக்கு வந்தது.

நடைமுறைக் கூறுகள்

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து, எந்த அளவிலான நிறுவனத்துக்கும் பொருந்தும் சில கூறுகளைத் தொகுக்கலாம்.

1. காரணத்தைக் காட்டுதல்: மாற்றம் ஏன் தேவை என்பதை வாயால் சொல்வதோடு நில்லாமல், கணக்கையும் பொருளையும் முன்வைத்துக் காட்டுதல்.

2. முடிவு எடுக்கும் முன் கேட்டல்: எல்லாம் முடிவான பிறகு கருத்துக் கேட்பது பங்கேற்பு ஆகாது. வேலையைச் செய்பவருக்குத் தெரிந்த சிறு விவரங்கள் திட்டம் தீட்டுபவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

3. இழப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுதல்: வருமானம், பதவி, பழகிய தோழர்கள், பல ஆண்டுகளில் பெற்ற திறமையின் மதிப்பு ஆகியவற்றில் எதை இழப்போம் என்பதே ஊழியரின் முதல் கேள்வி.

4. கற்க நேரம் தருதல்: புதிய முறையில் தொடக்கத்தில் வேகம் குறைவது இயல்பு. அந்த நாள்களின் கணக்கை வைத்து ஒருவரை மதிப்பிடுவது தவறு.

5. சிறிய அளவில் தொடங்கி அளத்தல்: ஒரு பிரிவில் செய்து பார்த்து, முன்னும் பின்னும் ஒரே அளவுகோலால் அளந்த பிறகே விரிவாக்குதல்.

மேலாண்மை அறிஞர் ஜான் கோட்டர் 1996இல் வெளியிட்ட நூலில் மாற்றத்துக்கு எட்டுப் படிகளை வகுத்தார். அவசர உணர்வை உண்டாக்குதல், வழிநடத்தும் குழுவை அமைத்தல், விரைவில் கிட்டும் சிறு வெற்றிகளை உருவாக்குதல் முதலியன அவற்றுள் சில. பெரிய நிறுவனங்களில் இது பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஆனால் இது மேலிருந்து கீழ்நோக்கிய பார்வை உடையது என்ற குறை கூறப்படுகிறது.

விமர்சனங்களும் வரம்புகளும்

ஹார்வுட் ஆய்வில் குழுக்கள் மிகச் சிறியவை. அவை செய்த வேலைகளும் ஒன்றல்ல. இதே ஆய்வு நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் திரும்பச் செய்யப்பட்டு 1960இல் முடிவுகள் வெளியாயின. அங்கே பங்கேற்பினால் உற்பத்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. தொழிற்சங்கம் வழியாகவே பேசிப் பழகிய தொழிலாளர்கள், நிர்வாகம் நேரடியாகத் தரும் பங்கேற்பை முறையானதாகக் கருதாதது ஒரு காரணம் என்று விளக்கப்பட்டது. எனவே பங்கேற்பின் வடிவம் அந்தந்த இடத்தின் வழக்கத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும்.

"மாற்ற முயற்சிகளில் 70 விழுக்காடு தோல்வியடைகின்றன" என்ற கூற்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்படுவது. 1993இல் வெளியான ஒரு மேலாண்மை நூலில், அறிவியல் முறையில் கணக்கிடப்படாத மதிப்பீடு என்ற குறிப்போடு தரப்பட்ட ஓர் எண் பின்னர் உறுதியான உண்மைபோலப் பரவியது. அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

பங்கேற்பு என்ற பெயரில், முன்பே எடுத்த முடிவுக்கு ஒப்புதல் வாங்கும் சடங்கு நடப்பதும் உண்டு. ஆள்குறைப்பை மறைக்க மாற்ற மேலாண்மை என்ற சொல் பயன்படுவதும் உண்டு. ஒருமுறை அப்படி ஏமாற்றப்பட்டவர்கள் அடுத்த நல்ல திட்டத்தையும் நம்ப மாட்டார்கள்.

பெற்ற பலன் தானாக நிலைப்பதும் இல்லை. அகமதாபாத் ஆலையை 1970இல் எரிக் மில்லர் மீண்டும் ஆராய்ந்தபோது, குழு முறை சில இடங்களில் நீடித்திருந்தது. வேறு சில இடங்களில் சந்தை நெருக்கடி கூடிய காலத்தில் சிறிது சிறிதாகச் சிதைந்து, பழைய முறை திரும்பியிருந்தது. எனவே மாற்றம் நடந்து முடிந்த பின்னரும், அதைத் தாங்கும் சூழல் இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்ப்பது இத்துறையின் பணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.