பிளீடிங் மெட்ராஸ்

பிளீடிங் மெட்ராஸ் என்பது, சென்னையின் பெயரால் ஏற்றுமதியாகி, துவைக்கும்போது சாயம் கசியும் கட்டமிட்ட கைத்தறிப் பருத்தித் துணிக்கு 1950களின் இறுதியில் அமெரிக்காவில் வழங்கிய வணிகப் பெயர் ஆகும். ஆங்கிலத்தில் குருதி கசிவதற்கும் சாயம் கசிவதற்கும் ஒரே சொல் வழங்குகிறது. ஒரு பொருளின் குறையையே அதன் வணிக அடையாளமாக மாற்றியதற்கு இத்துணி நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

அடையாளமும் துணியும்

ஒரு நிறுவனத்தைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் பெயர், இலச்சினை, நிறம், எழுத்துரு முதலியவற்றின் தொகுப்பு வணிக அடையாளம் எனப்படுகிறது. நியூயார்க்கில் 1818ல் தொடங்கப்பட்ட புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் ஆடை நிறுவனம், நாடாவில் தொங்கும் செம்மறியாட்டின் உருவை 1850 முதல் இலச்சினையாகக் கொண்டது. எனினும் இலச்சினை ஏதுமின்றித் துணியே தன்னை அடையாளம் காட்டுவதும் உண்டு. காரைக்காலைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் செனகலுக்குச் சென்ற 'கினே' என்னும் அவுரி நீலத் துணியை, அங்குள்ளோர் அதன் மினுக்கத்தையும் மணத்தையும் கொண்டு இனங்கண்டனர். ஐரோப்பியப் போலிகள் இச்சோதனையில் எளிதில் தேறவில்லை.

1958ஆம் ஆண்டு நிகழ்வு

பரவலாகச் சொல்லப்படும் வரலாற்றின்படி, வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் 1958ல் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் (பின்னாளில் லீலா விடுதிகளை நிறுவியவர்) இத்துணியைக் கெசம் ஒரு டாலர் விலையில் வாங்கினார். குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை புரூக்ஸ் பிரதர்ஸ் விற்ற ஆடைகளுடன் வாடிக்கையாளர்களைச் சென்றடையவில்லை. சாயம் பிற துணிகளில் ஏறவே புகார்கள் குவிந்தன. வழக்கு மிரட்டலும் எழுந்தது.

இதன்பின் 'செவன்டீன்' இதழ் நாயரைப் பேட்டி கண்டு, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் அதிசயத் துணியாக இதை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. 'சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம்' என்ற விளம்பர வாசகமும் வந்தது. துணியில் ஓர் இழைகூட மாறவில்லை. அதைப்பற்றிய பேச்சு மட்டுமே மாறியது. கடும் சோப்பும் சுடுநீரும் கண்ட பழைய வாடிக்கையாளருக்கு இது ஆறுதலாக இருந்திருக்குமா என்பது வேறு செய்தி.

சாயம் கசிவது ஏன்?

படிகாரம் போன்ற நிறமூன்றிகள் பல இயற்கைச் சாயங்களைப் பருத்தி இழையுடன் பிணைக்கின்றன. இப்பிணைப்பு வலுவற்றதாயின் சாயம் நீரில் பிரிந்துவிடும். மஞ்சள் இயல்பாகவே நிலைப்பு குறைந்த சாயம். அவுரி நீரில் கரையாதது. ஆயினும் இழையின் மேற்பரப்பில் மிகுதியாகப் படிந்தது உதிரும். இவ்வாறு கசிந்த நிறம் அடுத்த கட்டத்தில் பரவுவதால் கோடுகள் மங்கிக் கலக்கின்றன. ஒரே பாவில் நெய்த இரு சட்டைகளும் சில மாதங்களில் வெவ்வேறாகிவிடும். 'எனக்கே உரியது' என்ற உணர்வை விற்கும் ஆடம்பர ஆடை வணிகத்துக்கு இது பொருத்தமாக அமைந்தது.

பெயரின் உரிமை

விளம்பரத்தால் உயர்ந்த பெயர் நெசவாளரின் ஊருக்கு உடைமையாகவில்லை. சாயம் போகாத துணிகள் பெருகியபின், ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்பது ஒருவகைக் கட்ட வடிவத்தின் பொதுப்பெயராயிற்று. விசைத்தறியில் எங்கு நெய்ததும் அப்பெயர் பெறுகிறது. ஊர்ப்பெயரைக் காக்கும் இந்தியப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ல் இயற்றப்பட்டு 2003ல்தான் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு அதன்கீழ்ப் பதிவு பெற்றுள்ளது. மதராஸ் நகரின் பெயர் 1996ல் சென்னை என மாற்றப்பட்ட பின்னரும் வெளிநாட்டுக் கடைகளில் சட்டைகளின் மீது பழைய பெயரே காணப்படுகிறது.