குரங்குச் சாவும் காட்டு ஜுரமும்

மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் குரங்கு ஜன்ம விரோதி. வாழைத்தாரையும் ஏலக்காயையும் அது படுத்தும் பாட்டை நாம் எடுத்துக் கூறவேண்டியதில்லை. ஆகவே, தோட்டத்து ஓரத்தில் குரங்கொன்று செத்துக் கிடக்கக் கண்டால், ஒரு தொல்லை ஒழிந்தது என்று குழியில் தள்ளி மூடிவிடுவோர் பலர். விஷம் வைத்ததாகப் பழி வந்து சேருமோ என்னும் அச்சத்தால் அதனை வெளியில் சொல்லாதவரும் உண்டு. இவ்வழக்கம் எத்துணை அபாயகரமானது என்பதை, மைசூர் மலைநாட்டில் நிகழ்ந்ததொரு விஷயத்தைக் கொண்டு நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் விளக்க விரும்புகிறோம்.

1957-ஆம் வருஷத்தில், அக்காலத்திய மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்த ஷிமோகா ஜில்லாவில், சொரபா, சாகர் தாலுகாக்களின் காடுகளில் குரங்குகள் பல மாண்டு கிடந்தன. முகம் கறுத்த நீண்ட வால் மந்தியும், சாதாரண நாட்டுக் குரங்கும் ஆகிய இரு வகையும் மடிந்தன. அதே காலத்தில், விறகுக்கும் தழைக்கும் அக்காடுகளுக்குச் சென்றுவந்த குடியானவர்கள் கடும் ஜுரத்தில் வீழ்ந்தனர். சிலர் இறந்தும் போயினர். இவ்விரண்டையும் முடிச்சிட்டு ஊரார் அதற்கு இட்ட பெயர் ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு வியாதி என்பதாம். படியாத ஜனங்களின் பேச்சு என்று அதனைத் தள்ளிவிடாமல் ஆராய்ந்தமையாலேயே பின்வரும் உண்மைகள் வெளியாயின.

தென் அமெரிக்கக் காடுகளில் குரங்குகள் கூட்டமாய் மடிவது மஞ்சள் ஜுரத்திற்கு முன்னறிகுறி. அந்த ஜுரம் இந்தியாவில் எக்காலத்தும் கண்டதில்லை. ஆனால் அதனைப் பரப்பவல்ல கொசுவோ இங்கே ஏராளம். ஆதலின், அது வந்துவிட்டதோ என்ற பெருங்கலக்கம் உண்டாயிற்று. 1952-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ராக்பெல்லர் நிறுவனமும் சேர்ந்து பூனாவில் அமைத்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, டாக்டர் ஒர்க், டாக்டர் டிராபிடோ முதலிய நிபுணர்கள் அக்காட்டுக்குச் சென்றனர். நோயுற்ற குரங்குகளிலிருந்தும் நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் எடுத்த பொருள்களைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். வைரஸ் என்பது சாதாரண பூதக்கண்ணாடிக்கும் புலப்படாத மிக நுண்ணிய கிருமியாதலின், உயிருள்ள உடலில் வளர்த்தே அக்காலத்தில் அதனை அறிய வேண்டியிருந்தது.

வெளிப்பட்டது மஞ்சள் ஜுரம் அன்று. உலகில் அதற்குமுன் எவரும் கண்டறியாத புதிய வைரஸ் அது. ருஷ்யக் காடுகளில் உண்ணியால் பரவும் ஒரு மூளை ஜுரத்தின் கிருமிக்கு அது உறவுமுறையானது. நோயுற்ற குரங்கு கிடைத்த கியாசனூர்க் காட்டின் பெயரே நோய்க்கும் சூட்டப்பட்டது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் கிருமியைக் கொணர்ந்தனவோ என்று அதன்பின் பறவைகளுக்கு வளையமிட்டுச் சில காலம் ஆராய்ந்தனர்; அவ்வெண்ணம் ருசுவாகவில்லை.

இனி, விவசாயிகள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். இந்நோயைக் குரங்கிலிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது காட்டு உண்ணி. தரையிலுள்ள சருகில் இடப்பட்ட முட்டையிலிருந்து ஆறு கால் குஞ்சு வெளிவந்து எலி, அணில், பறவை, குரங்கு ஆகியவற்றில் ஒன்றைப் பற்றி இரத்தம் குடிக்கிறது. பின் கீழே விழுந்து தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகிறது. கடுகளவேயுள்ள இந்த இளம் உண்ணிதான் மழைக்காலம் கழிந்து கார்த்திகை முதல் வைகாசி வரை மனிதனைக் கடிப்பது. முதிர்ந்த உண்ணியோ பெரிய பிராணிகளை நாடுகிறது. அப்பிராணி பெரும்பாலும் எது? காட்டில் மேயவிடப்படும் நம்முடைய மாடும் எருமையுமே.

இந்நோயால் மாடு நலிவதில்லை. மாட்டிலிருந்து கிருமி பரவுவதுமில்லை. ஆயினும், மாட்டின் இரத்தத்தை உண்டு கொழுத்த பெட்டை உண்ணி ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான முட்டைகளைக் காட்டோரச் சருகில் இடுகிறது. பால் கறக்க வளர்க்கும் மாட்டைக்கொண்டே நாம் உண்ணிப் பயிரையும் விருத்தி செய்துவருகிறோம் என்று கூறுவது மிகையாகாது. அம்மலைநாட்டுப் பாக்குத் தோட்டக்காரர்கள் உரத்திற்காகக் காட்டுத் தழையை வெட்டிக் கொணர்வதும், தொழுவத்தில் சருகைப் பரப்புவதும் நெடுநாளைய வழக்கம். உழைப்பாளிகளே அதிகமாக நோய்வாய்ப்பட்டதன் காரணம் இதனால் விளங்கும்.

செத்த குரங்கு அபாயமாவதும் இவ்விதமே. நோயுற்ற குரங்கின் இரத்தத்தில் கிருமி மலிந்திருக்கும். அதன் உடலில் ஒட்டியிருந்த உண்ணிகள், உயிர் போனவுடன் அவ்விடத்திலேயே உதிர்ந்து அடுத்த உடலுக்குக் காத்திருக்கின்றன. பிணத்தைப் புதைத்தாலும் இடம் சுத்தமாவதில்லை. குரங்கைக் கொன்றால் நோய் ஒழியும் என்று எண்ணுவோரும் இதனைச் சிந்திக்க வேண்டும். குரங்கு நோய்க்குப் பலியாகும் பிராணி. அது மடிந்து கிடப்பதே நமக்கு முதல் எச்சரிக்கை.

காடு திருத்தும் இடங்களில் இந்நோய் தலைகாட்டுவதையும் கவனித்திருக்கின்றனர். தென் கன்னட ஜில்லாவில் பெல்தங்கடிப் பக்கம் 1982-83-இல் உண்டான பெருநோய், முந்திரித் தோட்டத்திற்காகக் காடு வெட்டியதை ஒட்டி நிகழ்ந்தது. நெடுங்காலம் கர்நாடகத்து ஜில்லாக்களுக்குள் அடங்கியிருந்த நோய், 2012-13-இல் பந்திப்பூர்க் காட்டில் கண்டது. அச்சமயமே நீலகிரியிலும் வயநாட்டிலும் மாண்ட குரங்குகளில் கிருமி தெரியவந்தது. 2015-இல் வயநாட்டில் ஜனங்களிடை கடுமையாகப் பரவிற்று. கோவாவும் மகாராஷ்டிரமும் பின்னர் இதற்கு உள்ளாயின. ஆகவே இதனை அயலூர்க் கதையென்று நாம் கருதுவதற்கில்லை.

கடிபட்ட சில தினங்களில், பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள், திடீர் ஜுரம், பொறுக்கவொண்ணாத தலைவலி, உடல்வலி, வாந்தி ஆகியவை தோன்றும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தம் கசியும். ஜுரம் தணிந்து, ஓரிரு வாரம் கழித்து மறுபடி திரும்புவதும் உண்டு. நோயுற்றோரில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கின்றனர். நோயைக் குறித்து அழிக்கும் மருந்து இல்லை. ஆயினும் காலதாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பராமரித்தால் பெரும்பாலோர் பிழைப்பர். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியை ஒதுக்கிவைக்கக் காரணமில்லை. கர்நாடகத்தில் பல்லாண்டு போட்டுவந்த தடுப்பு ஊசி போதிய காப்பு அளிக்காமையால் நிறுத்தப்பட்டுவிட்டது. உண்ணி கடியாமல் காத்துக்கொள்வதே கைக்கெட்டிய வழி.

காட்டோர நிலமுடையோர் மாட்டின் காதுமடல், தாடி, மடி, வாலடி ஆகிய இடங்களைப் பார்வையிட்டு, கால்நடை வைத்தியர் கூறும் உண்ணி மருந்தைத் தவறாமல் உபயோகிக்க வேண்டும். குரங்கு செத்த பக்கத்தில் மாட்டை மேயவிடுவதும், அங்கிருந்து தழை, சருகு, விறகு கொணர்வதும் அறவே கூடாது. காட்டுக்குள் போகும் கூலியாட்களுக்கு முழுக்கையும் முழுக்காலும் மூடும் உடையையும், கைகால்களில் தடவும் உண்ணி விரட்டும் எண்ணெயையும் நிலச்சுவான்தாரே கொடுத்து அனுப்புவது முறை. கர்நாடகத்தில் ‘தேபா’ என்னும் எண்ணெயைச் சர்க்காரே வழங்கிவந்துள்ளது. வீடு திரும்பியதும் வெந்நீரில் குளித்து, உடையை வெந்நீரில் நனைத்து, உடலில் உண்ணி ஒட்டியுள்ளதா என்று பார்க்கவேண்டும்.

செத்த குரங்கைக் கண்டவர் அதனைத் தொடாமல், சிறுவரையும் நாயையும் அண்டவிடாமல், அன்றைக்கே வனத்துறையாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் தெரிவிக்க வேண்டும். அவர்கள் சோதனைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, பிணம் கிடந்த இடத்தைச் சுற்றி 50 அடி தூரம் உண்ணிக்கொல்லித் தூள் தூவச் செய்வர். கிராம அதிகாரிகள் செய்தி சொல்ல வந்தவரிடம் விஷம் வைத்தது யார் என்று முதலில் விசாரிக்கலாகாது. அவ்வாறு கேட்டால், அடுத்த குரங்கு செத்த செய்தி அவர்கள் காதுக்கு எட்டாது. செத்த இடம், தேதி, எண்ணிக்கை, பக்கத்துக் குடியிருப்பில் ஜுரம் கண்டவர் உண்டா என்னும் விவரம் ஆகிய நான்கையும் குறித்து மேலே அனுப்பினால் போதுமானது.