பெயரை அழித்துவிட்டால் காணுமா?

எபிசோட்டில் நேரம் காணாமல் அரைவாசியில் விட்ட கதையை இங்கே முடித்துவிடுகிறேன்.

எங்கட நேயர் சர்வே ஞாபகம் இருக்குதா? புள்ளியியல் படிக்கிற தம்பி ஒருவர் எழுதியிருந்தார்: “அக்கா, அந்த டேட்டாவை கிட்ஹப்பில போடுங்கோவன். ஆர் இடையில கேக்கிறதை நிப்பாட்டுவினம் எண்டு ஒரு மொடல் செய்து பாப்பம். பெயரையும் ஈமெயிலையும் எடுத்துவிட்டால் காணும்தானே?”

எனக்கும் நல்ல ஐடியாவாகத்தான் பட்டது. ஓப்பன் டேட்டா, ஓப்பன் சோர்ஸ் என்று கிழமைக்குக் கிழமை கதைக்கிற ஆட்கள் நாங்கள். இரண்டு கொலத்தையும் அழித்துவிட்டு, கடைசியாக ஒருமுறை ஷீட்டை உருட்டிப் பார்த்தேன். ஒரு வரியில் நின்றுவிட்டேன். நகரம், வயது, படிப்பு, அம்மா அப்பாவின் ஊர். அவ்வளவுதான் இருந்தது. ஆளை எனக்குத் தெரிந்துவிட்டது. அதே வரியின் கடைசிக் கட்டத்தில், மனச்சோர்வு பற்றிய எபிசோட்தான் தனக்கு உதவியது என்றும், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றும் எழுதியிருந்தது.

இந்தப் பிழையை எங்களுக்கு முதலே நெட்ஃபிளிக்ஸ் விட்டிருக்கிறது. யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று தங்களைவிட 10 சதவீதம் திறமாகக் கணிப்பவர்களுக்கு ஒரு மில்லியன் டொலர் பரிசு என்று 2006 இல் போட்டி வைத்தார்கள். அதற்காக சுமார் 480,000 பேர் கொடுத்த 100 மில்லியன் மதிப்பெண்களைத் திறந்து விட்டார்கள். பெயர் இல்லை. ஒரு இலக்கம், படம், மதிப்பெண், திகதி மட்டும்.

அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிக்கோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் மதிப்பெண் போட்ட எட்டுப் படங்கள் தெரிந்தால் போதுமாம். அதில் இரண்டு பிழையாக இருக்கலாம், திகதி இரண்டு கிழமை முன்பின் இருக்கலாம். அப்படியும் 99 சதவீதமானோரின் வரியைத் தனியாகப் பிடிக்கலாம். ஏன் என்று யோசித்தால் லேசு: எல்லாரும் பார்க்கிற படம் உங்களைக் காட்டிக்கொடுக்காது. ஒருவரும் பார்க்காத அந்த மூன்று நாலு படம்தான் காட்டிக்கொடுக்கும். ஐஎம்டிபியில் சொந்தப் பெயரில் எழுதிய விமர்சனங்களோடு ஒப்பிட்டு ஆட்களைக் கண்டுபிடித்தும் காட்டினார்கள். 2009 இல், தன்பாலீர்ப்பை வெளியில் சொல்லாத ஒரு தாய் பெயரை மறைத்து வழக்குப் போட்டார். அடுத்த வருசம் இரண்டாவது போட்டியையே கைவிட்டார்கள்.

சரி, ஆளைப் பிடிக்கவே முடியாதபடி டேட்டாவை மறைத்துவிட்டோம் என்று வையுங்கோ. அப்பவும் மொடல் மிஞ்சும். 2013 இல் கொசின்ஸ்கி குழு 58,000 பேரின் ஃபேஸ்புக் லைக்குகளை, அவர்கள் சம்மதத்தோடுதான், எடுத்துப் பார்த்தது. இரண்டு ஆண்களில் யார் தன்பாலீர்ப்பாளர் என்று 100க்கு 88 தடவை அந்த மொடல் சரியாகச் சொன்னது. (சுருள் உருளைக்கிழங்குப் பொரியலுக்கு லைக் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள் என்றும் சொன்னது, அது வேற கதை.) சம்மதம் தந்தது 58,000 பேர். ஆனால் அப்படி ஒரு மொடலை யார்மீதும் ஓட்டலாம். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். பெயரை அழிப்பது இதற்கு மருந்தே இல்லை.

எங்கட ஆட்களுக்கு இது இன்னும் மோசம். நெட்ஃபிளிக்ஸில் ஒருவர் 480,000 பேருக்குள் ஒளியலாம். ஒஸ்லோவில் மருத்துவம் படிக்கிற, இன்ன ஊர்க்காரரின் மகள் என்றால் கலியாண வீட்டில் ஒரு மாமி போதும். அவருக்கு மொடல் தேவையில்லை.

அதனால் தம்பிக்கு மொத்தக் கணக்குகளை மட்டும் அனுப்பினேன், பத்துப் பேருக்குக் குறைந்த குழுக்களை ஒன்றாகச் சேர்த்து. வரிவரியான ஃபைல் வெளியே போகாது. “இதில கணிக்க ஒண்டும் இல்லை அக்கா” என்று பதில் வந்தது. உண்மைதான், அது ஒரு இழப்புத்தான். ஊரை ஏன் கேட்டீர்கள் என்றும் கேட்டிருந்தார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சும்மா அறிய ஆசை. அடுத்த சர்வேயில் அந்தக் கேள்வி இருக்காது.

தம்பிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. வாற எபிசோட்டுக்கு வந்து என்னோட சண்டை பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.