சொந்தத் திடலில் விழுந்த சென்னையின் எஃப்சி: பருவத்தின் கடைசியில் அணிகள் தளர்வது ஏன்?

கடந்த 2025 ஜனவரி 30, வியாழக்கிழமை. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள். விடுமுறைக்கு மலையேறிய கார்கள் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை ஊர்ந்துகொண்டிருந்த நேரம். அன்றிரவு மலேசிய நேரப்படி 10 மணிக்குச் சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டம் ஒன்று தொடங்கியது. சென்னையின் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ். தென்னிந்தியாவின் பழைய பங்காளிச் சண்டை அது.

மூன்றாவது நிமிடத்திலேயே ஹெசுஸ் ஹிமெனெஸ் கேரளாவுக்கு முதல் கோலைப் போட்டார். 37ஆவது நிமிடத்தில் சென்னையின் முதன்மைத் தாக்குதல் ஆட்டக்காரர் வில்மார் ஜோர்டான் கில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். முற்பாதியின் காயநேரத்தில் கோரோ சிங் இரண்டாவது கோலையும், பிற்பாதியில் குவாமே பெப்ரா மூன்றாவதையும் போட்டனர். ஆட்டம் முடியும் தறுவாயில் வின்சி பரேட்டோ போட்ட கோல் சென்னைக்கு ஆறுதல் பரிசு. முடிவு 1-3.

ஓர் அணி ஒரு நாள் தோற்பது பெரிய செய்தி அல்ல. ஆனால் அந்த ஆண்டு பிறந்து அதுவரை சென்னையின் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. ஒடிசாவில் 2-0 என முன்னணியில் இருந்து 2-2. அடுத்து சென்னையில் முகமதன் அணியிடம் மறுபடியும் 2-0 முன்னணி, மறுபடியும் 2-2. பிறகு மோகன் பகானுடன் கோலின்றிச் சமநிலை. அதன் பிறகுதான் இந்தத் தோல்வி. தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் சொந்தத் திடலில், கையில் கிடைத்தவை இரண்டே புள்ளிகள்.

பருவம் முடிந்தபோது சென்னையின் 24 ஆட்டங்களில் 27 புள்ளிகளுடன் 13 அணிகளில் 11ஆவது இடத்தில் நின்றது. முதல் 6 இடங்களுக்கே அடுத்த சுற்று. ஆறாவது இடம்பிடித்த மும்பை சிட்டிக்கு 36 புள்ளிகள். இடைவெளி 9 புள்ளி, அதாவது மூன்று வெற்றி. கைக்கு வந்து நழுவிய அந்த இரண்டு 2-0 ஆட்டங்களை மட்டும் எண்ணிப் பார்த்தாலே நான்கு புள்ளிகள் போயிருக்கின்றன.

இதே கிளப் 2015லும் 2017-18 பருவத்திலும் வெற்றியாளர். டோனியும் அபிஷேக் பச்சனும் பங்குதாரர்கள். 'சென்னையின்' என்று பாதி வாக்கியம்போல நிற்கும் பெயருக்குப் பின்னால் என்ன சொல் வரும் என்பதுதான் ஒவ்வொரு பருவமும் மாறுகிறது. 2018இல் கிண்ணத்தைத் தூக்கிய அணி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசி இடத்தில் கிடந்தது.

சொந்தத் திடல் எப்போது சுமையாகிறது?

சொந்தத் திடலில் ஆடுவது அனுகூலம் என்று எல்லாரும் சொல்வர். அது உண்மைதான். பயணக் களைப்பு இல்லை, தெரிந்த புல், தெரிந்த காற்று, பின்னால் ரசிகர் கூட்டம். அந்தக் கூட்டத்தின் மதிப்பு எவ்வளவு என்பதைக் கோவிட் காலம் காட்டிக் கொடுத்தது. இங்கிலீஷ் பிரீமியர் லீக்கின் 2020-21 பருவம் பெரும்பாலும் காலி அரங்குகளில் நடந்தது. மொத்தம் 380 ஆட்டங்கள். சொந்தத் திடலில் ஆடிய அணிகள் 144 முறை வென்றன. வெளியூரிலிருந்து வந்தவை 153 முறை வென்றன. இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கில் அதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை.

அதே பருவத்தில்தான் நடப்பு வெற்றியாளரான லிவர்புல் ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றது. ஜனவரியில் பர்ன்லியிடம் தொடங்கி, மார்ச் 7இல் ஃபுல்ஹாம் அணியிடம் முடிந்தது அந்தச் சரிவு. பர்ன்லியிடம் விழுவதற்குமுன் அந்த அணி ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோல்வியே கண்டதில்லை.

ஆனால் கூட்டம் என்பது இருமுனைக் கத்தி. அணி வென்றுகொண்டிருக்கும்போது அந்த இரைச்சல் ஆட்டக்காரரின் காலுக்குப் பலம். தொடர்ந்து வெற்றி இல்லாதபோது, ஒரு பந்து தவறினாலும் அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு எழும். அந்தப் பெருமூச்சைக் கேட்ட இளம் ஆட்டக்காரர் அடுத்த பந்தை முன்னால் தள்ளத் துணிய மாட்டார். பக்கத்தில் இருப்பவருக்கோ பின்னாலோ தட்டிவிடுவார். பந்து அணியின் வசமே இருக்கும், ஆனால் கோல் பக்கம் போகாது.

இன்னொன்றும் உண்டு, இது உத்தி சார்ந்தது. சொந்தத் திடலில் ஆடும் அணி தாக்கியே ஆக வேண்டும். ரசிகர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். வந்த அணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது பின்னால் ஒதுங்கி நின்று, பந்து கிடைத்ததும் காலியான இடத்தில் பாயலாம். மூன்றாவது நிமிடத்திலேயே கோல் வாங்கிய அணிக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். மீதி 87 நிமிடமும் துரத்த வேண்டும். அதில் 50 நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேரை வைத்துத் துரத்தினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை அன்றிரவு பார்த்தது.

கொழுந்துக்கும் ஓய்வு வேண்டும்

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே மலையில் சுற்று முடியுமுன் மறுபடியும் மறுபடியும் கொழுந்து பறித்தால் செடி சோர்ந்துவிடும்; கொழுந்து கட்டையாகும். அதற்காகத்தான் சுற்று என்று ஒரு கணக்கு, கவ்வாத்து என்று ஒரு வேலை. காற்பந்து அணியிலும் நல்ல 11 பேரையே ஆட்டத்துக்கு ஆட்டம் இறக்கினால் பருவத்தின் முதல் பாதி பசுமையாகத் தெரியும். இரண்டாம் பாதியில்தான் தெரியும் பாடு.

களைப்பு முதலில் காலில் தெரிவதில்லை. கடைசி 15 நிமிடத்தில், ஒரு நொடி தாமதமாக எடுக்கும் முடிவில் தெரியும். எதிரணி ஆட்டக்காரரைப் பின்தொடர வேண்டிய இடத்தில் நின்று பார்ப்பது, பந்தை வெளியே அடிக்க வேண்டிய நேரத்தில் உள்ளேயே வைத்திருப்பது. சென்னையின் நழுவவிட்ட இரண்டு 2-0 ஆட்டங்களிலும் சமநிலை கோல்கள் விழுந்தது கடைசிக் கட்டத்தில்தான். வெறும் துரதிர்ஷ்டம் என்றால் ஒருமுறை நடக்கலாம். ஒரே வாரத்தில் இருமுறை நடந்தால் அதற்கு வேறு பெயர்.

மாற்று ஆட்டக்காரர்களின் தரம்தான் இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஆர்சனல். 2022-23 பருவத்தில் 248 நாள்கள் பட்டியலின் உச்சியில் இருந்த அணி அது. மார்ச் 16இல் ஸ்போர்ட்டிங் அணியுடனான ஆட்டத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் வில்லியம் சலிபா முதுகில் காயமடைந்தார். அவருடைய இடத்தை நிரப்ப அதே தரத்தில் ஆள் இல்லை. ஏப்ரலில் லிவர்புல், வெஸ்ட்ஹாம், சவுத்ஹாம்ப்டன் என மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து சமநிலை. பிறகு மான்செஸ்டர் சிட்டியிடம் 1-4. மே 14 ஞாயிறு இரவு, மலேசிய நேரம் 11.30க்குத் தொடங்கிய ஆட்டத்தில் சொந்த எமிரேட்ஸ் அரங்கிலேயே பிரைட்டனிடம் 0-3. மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்களில் எத்தனை பேர் மூன்றாவது கோல்வரை கண் விழித்திருந்தார்களோ! அடுத்த வாரமே கிண்ணம் மான்செஸ்டர் சிட்டிக்கு என்று உறுதியானது.

ஒரே ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் போனதால் கிண்ணம் போனது என்று சொல்வது மிகை. ஆனால் அவர் இல்லாததால் பக்கத்தில் நின்றவர் இடம் மாறினார், அவர் மாறியதால் மத்தியத் திடல் ஆட்டக்காரர் பின்வாங்கினார். ஒரு செங்கலை உருவினால் சுவர் விழாது. ஆனால் விரிசல் எங்கே போய் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பயிற்றுநரை மாற்றினால் சரியாகுமா?

தோல்வி தொடர்ந்தால் முதலில் உருள்வது பயிற்றுநரின் தலைதான். சென்னையின் கதை இதற்கு இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. 2019 டிசம்பரில், அணி பட்டியலின் அடியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது ஸ்காட்லாந்துக்காரரான ஓவன் கோயல் பொறுப்பேற்றார். அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு பருவத்தின் பிற்பாதியில் அடுத்தடுத்து வென்று, 2020 மார்ச் 14இல் இறுதியாட்டம்வரை போனார். கோவிட் காரணமாக ரசிகர்களே இல்லாத கோவா அரங்கில் ஏடிகே அணியிடம் 1-3 எனத் தோற்றாலும், அது பெரிய எழுச்சி.

2025 ஜனவரியில் கேரளாவிடம் தோற்ற அன்றும் பயிற்றுநர் அதே கோயல்தான். ஆள் ஒன்று, விளைவு வேறு. புதியவர் வந்தால் ஆட்டக்காரர்கள் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் கூடுதலாக ஓடுவார்கள் என்பது உண்மை. ஆனால் மாற்று ஆட்டக்காரர்களின் பலம், ஒப்பந்தம், சம்பளம் இவையெல்லாம் பயிற்றுநரின் கையில் இல்லை. பருவத்தின் கடைசியில் ஒப்பந்தம் முடியப்போகிற ஆட்டக்காரரின் ஒரு கண் பந்திலும் மறு கண் அடுத்த கிளப்பிலும் இருக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. காலில் காயம் பட்டால் அடுத்த பருவச் சோறு போய்விடும். மலேசியாவில் இதற்குமேல் சம்பள பாக்கி என்ற நோயும் உண்டு. மாதக் கணக்கில் சம்பளம் கிடைக்காத ஆட்டக்காரரிடம் 90ஆவது நிமிடத்தில் ஓட்டத்தை எதிர்பார்ப்பது எப்படி?

இந்த இடத்தில் பந்தயக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'சொந்தத் திடல், பெரிய அணி, கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்' என்ற பேச்சு பருவத்தின் கடைசி வாரங்களில்தான் அதிகம் ஏமாற்றுகிறது. கீழிறக்கத்திலிருந்து தப்பப் போராடும் சின்ன அணிக்கு அந்த ஆட்டம் உயிர்ப் பிரச்சினை. பெரிய அணிக்குப் பாதி ஆட்டக்காரர்கள் காயத்தில் இருப்பார்கள். இத்தகைய பந்தயம் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி ஒரே இரவில் போன வீட்டில் மறுநாள் அடுப்பு எப்படி எரியும் என்பது இன்னொரு பக்கம்.

மலைக்கு எந்த அணி சொந்தம்?

லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டத்திலும் தேயிலையிலும் வேலை செய்யும் குடும்பங்களுக்குச் 'சொந்த அணி' என்பது எப்போதுமே கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தான். மாநிலம் பகாங், அணியின் தலைமையிடம் குவாந்தான், மலையிலிருந்து பல மணி நேரப் பயணம். பக்கத்தில் இருப்பது ஈப்போ, ஆனால் அது பேராக் அணியின் ஊர். ஆகவே மஞ்சள்-கறுப்புச் சட்டைக்காரர்களும் பகாங் ரசிகர்களும் ஒரே மலையில் இருப்பதில் வியப்பில்லை.

பகாங் 2013லும் 2014லும் தொடர்ந்து மலேசியக் கிண்ணத்தை வென்றது. 2025 ஏப்ரல் 26இல் புக்கிட் ஜாலிலில் நடந்த மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூர் டாருல் தாக்ஸிம் அணியிடம் 1-2 எனத் தோற்றது. பெரும் பணபலம் கொண்ட அணிக்கு எதிராக அது வெட்கப்பட வேண்டிய முடிவே அல்ல. ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே ஸ்ரீ பகாங், சூப்பர் லீக்கிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பேராக்கும் விலகியது. 2025-26 பருவம் தொடங்கியபோது, கேமரன் மலைக்காரர் சூப்பர் லீக்கில் தன் மாநிலம் என்றோ பக்கத்து ஊர் என்றோ சொல்லிக்கொள்ள ஓர் அணிகூட இல்லை.

இந்தியச் சமூகத்துக்கு இந்த வலி புதிதல்ல. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்குக்கு வந்த அணி, பி. மணியத்தின் பயிற்சியில் உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஆடிக் காட்டியது. பெரிய அணிகள் வெளிநாட்டவரைக் குவித்தபோது அது செய்த துணிச்சல் இன்னும் உரிய மதிப்பைப் பெறவில்லை. 2022 பருவத்தோடு அதுவும் விலகிக்கொண்டது. 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகமும் எம். சந்திரனும் தேசியச் சட்டை அணிந்த காலத்தில், பயிற்றுநர் கே. ராஜகோபால் 2010இல் சுசுகி கிண்ணத்தைக் கொண்டுவந்த காலத்தில், தோட்டத்துத் திடலில் வெறுங்காலில் ஆடிய பையனுக்கு மேலே ஏற ஒரு படி கண்ணில் தெரிந்தது. லீக்கில் அணிகள் குறையக் குறைய அந்தப் படிகளும் குறைகின்றன.

சென்னைக்கும் அதே ஆண்டு அதே சோதனை. இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. புதுப்பிப்பில் இழுபறி ஏற்பட, ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜனவரியில் கேரளாவிடம் தோற்றதற்காக நேரு அரங்கில் கூச்சலிட்ட ரசிகர்கள், ஆகஸ்டு மாதம் எப்போது லீக் தொடங்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.